சிறையில் தலைக்கணக்கு பார்ப்பவர்களுக்கு

திருப்பூரில் எந்தப் பேக்கரி வாசலில் நின்று டீ குடித்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: “வடக்கத்தியானுக வந்து எறங்குனதுல இருந்துதான் ஊரு கெட்டுப்போச்சு. வேணும்னா கோயமுத்தூர் ஜெயில்ல போய்ப் பாருங்க, பாதிப்பேரு அவனுகதான்.” பேக்கரிப் பேச்சோடு நின்றால் பரவாயில்லை, டீ ஆறுவதற்குள் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஆனால் இதே வாதம் இப்போது மேடையேறியிருக்கிறது. தொழில்துறைக் கூட்டங்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் கட்சிக்காரர்களின் பதிவுகளிலும் அது படித்தவர் பாணியில் படிப்படியாக வருகிறது. வெளிமாநிலத்தவரால் குற்றம் பெருகியது. அதனால் சிறை நிரம்பி வழிகிறது. அதனால்தான் கோர்ட்டில் வழக்கு தேங்குகிறது. ஆகவே ஜாமீனை இறுக்க வேண்டும். முத்தாய்ப்பாக ஒரு வரி: “நான் சொல்லலீங்க, டேட்டா சொல்லுது.”

டேட்டா அப்படி எதையும் சொல்லவில்லை. சிறைக்குள் இருக்கிற தலைகளின் எண்ணிக்கை, யார் எவ்வளவு குற்றம் செய்தார்கள் என்பதைக் காட்டிலும், யாரால் எவ்வளவு சீக்கிரம் வெளியே வர முடிந்தது என்பதைத்தான் அதிகம் காட்டுகிறது. வெளியே வருவதற்கு நம் ஊரில் முதலில் வேண்டியது சொத்து வரி ரசீதோடு வந்து கையெழுத்துப் போட ஓர் ஆள். அந்த ஆள் இருப்பவன் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறான், இல்லாதவன் கணக்கில் தங்கிவிடுகிறான். தங்கியவர்களை எண்ணிவிட்டு அதையே குற்றப் புள்ளிவிவரம் என்று நீட்டுவதுதான் இங்கே நடக்கிறது.

முதலில் அந்த ‘நிரம்பி வழிகிறது’. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் இந்தியச் சிறைப் புள்ளிவிவரத்தின்படி 2022 டிசம்பர் 31 அன்று நாட்டின் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். இடமிருந்தது 4,36,266 பேருக்கு. நூறு பேர் படுக்க வேண்டிய இடத்தில் 131 பேர். உள்ளே இருந்தவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பங்குக்கும் சற்று மேல், விசாரணைக் கைதிகள். இந்த 131-ஐ எடுத்துத்தான் இங்குள்ளவர்கள் வீசுகிறார்கள். அது உத்தரப் பிரதேசத்தையும் பீகாரையும் டெல்லியையும் சேர்த்த அகில இந்திய எண். தமிழ்நாட்டுச் சிறைகளின் மொத்தக் கணக்கு அதே அறிக்கையில் நூறு சதவீதத்துக்குக் கீழேதான் நிற்கிறது. ஒரு சிறையில் நெரிசல், இன்னொன்றில் காலியிடம் என்று இருக்கலாம். ஆனால் மாநிலம் முழுவதும் வழிகிறது என்பது வேறு மாநிலங்களின் எண்ணைக் கடன் வாங்கிச் சொல்லும் கதை.

இன்னொன்றும் உண்டு. ‘திருப்பூர்ச் சிறைக் கணக்கு’ என்று யாராவது சொன்னால் எந்தச் சிறை என்று கேளுங்கள். 2009-இல் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரித்து உருவாக்கிய மாவட்டம் இது. இங்கே ரிமாண்ட் ஆகிறவர்களில் பெரும் பகுதி போய்ச் சேர்வது ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவை மத்திய சிறைக்கு. 1872-இல் கட்டிய சிறை. வ.உ.சி. செக்கிழுத்த இடம் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே மதில்களுக்குள் கோவைக்காரரும் நீலகிரிக்காரரும் திருப்பூர்க்காரரும் ஒன்றாகத்தான் எண்ணப்படுகிறார்கள். சிறையின் கணக்கு சிறை இருக்கும் ஊரின் பேரில், வழக்கின் கணக்கு கோர்ட் இருக்கும் ஊரின் பேரில். இரண்டையும் ஒட்டாமல் திருப்பூரைப் பற்றி எதைச் சொன்னாலும் அது ஊகம்தான்.

சரி, தலைக்கணக்கின் அடிப்படைப் பிழைக்கு வருவோம். இதைத் திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியிருப்பதே எனக்கு வியப்பு. ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை மேல் பீஸ் மலைபோல் குவிந்து கிடக்கிறது. முதலாளி வருகிறார். ‘ஆஹா, ஆர்டர் கூடிவிட்டது’ என்றா நினைப்பார்? ஃப்ளோர் மேனேஜரைக் கூப்பிட்டு, எங்கே நிற்கிறது என்று கேட்பார். லேபிள் வரவில்லையா, காஜா பட்டனுக்குப் போன சரக்கு ஜாப் ஒர்க் யூனிட்டிலேயே கிடக்கிறதா, அயர்னிங் மாஸ்டர் ஊருக்குப் போய்விட்டாரா? நாளொன்றுக்கு ஆயிரம் பீஸ் உள்ளே வந்து, ஒவ்வொன்றும் இரண்டு நாள் தங்கினால் மேசையில் இரண்டாயிரம் இருக்கும். பத்து நாள் தங்கினால் பத்தாயிரம். உள்ளே வருவது ஒரு பீஸ்கூடக் கூடவில்லை, தங்கும் நாள் கூடியிருக்கிறது. ஷிப்மெண்ட் தேதியை வைத்து வயிறு வளர்க்கும் ஊர் இது. மேசைக் குவியலை ஒரு நாளும் ஆர்டர் புத்தகமாகப் படிக்காத மனிதர்கள், சிறைக் குவியலை மட்டும் குற்றப் புத்தகமாகப் படிக்கிறார்கள்.

சிறையிலும் அதே பெருக்கல்தான். உள்ளே வருகிறவர் எண்ணிக்கையையும் ஒவ்வொருவர் தங்கும் நாளையும் பெருக்கினால் ஒரு நாளில் உள்ளே இருக்கும் தலைகள் கிடைக்கும். 2021-இல் நாடு முழுவதும் 18 லட்சம் பேருக்கு மேல் சிறைக்குள் அனுப்பப்பட்டார்கள். அந்த ஆண்டின் கடைசி நாளில் உள்ளே இருந்தவர்கள் 5,54,034 பேர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் சராசரித் தங்கல் ஏறத்தாழ 112 நாள். தண்டனைக் கைதிகளும் இதில் சேர்த்தி, ஒரே ஆள் ஒரே ஆண்டில் இருமுறை உள்ளே போனதும் இதில் இருக்கும் என்பதால் இதை உத்தேசமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் 31 என்ற ஒற்றை நாளின் கணக்கு எத்தனை பேரை மறைக்கிறது என்பதற்கு அது போதும். அமெரிக்காவின் கவுண்டி சிறைகளில் இது இன்னும் பச்சையாகத் தெரிகிறது. அங்கே ஒரு நாளில் உள்ளே இருப்பவர்கள் ஆறரை லட்சம் பேரளவில். ஓர் ஆண்டில் உள்ளே போய் வந்த எண்ணிக்கையோ 70 லட்சத்தைத் தாண்டும். ஒரு நாள் எடுத்த புகைப்படத்தில் அந்த 70 லட்சத்தில் பெரும்பாலோர் விழவே மாட்டார்கள். நீண்ட நாள் கிடப்பவர்கள்தான் விழுவார்கள்.

இப்போது ‘பாதிப்பேரு அவனுகதான்’ என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை, கணக்குமுறை உண்மை. மாதந்தோறும் ஒரே மாதிரிக் குற்றத்துக்கு நூறு பேரைப் பிடிக்கிறார்கள் என்று வையுங்கள். எண்பது பேர் உள்ளூர், இருபது பேர் வெளிமாநிலம். உள்ளூர்க்காரருக்குப் பதினைந்து நாளில் ஜாமீன்தாரர் கிடைத்துவிடுகிறார். வெளியூர்க்காரருக்கு அறுபது நாள் ஆகிறது. ஏதாவது ஒரு நாள் சிறைக்குள் போய் எண்ணினால் உள்ளூர்க்காரர் நாற்பது பேர், வெளிமாநிலத்தவரும் நாற்பது பேர். பிடிபட்டவர்களில் ஐந்தில் ஒரு பங்கு, சிறைக்குள் சரிபாதி! யாரும் பொய் சொல்லவில்லை, எண்ணியவர் ஒழுங்காகத்தான் எண்ணினார். இப்போது ‘ஜாமீனை இறுக்குங்கள்’ என்ற கோரிக்கையை ஏற்று வெளிமாநிலத்தவரின் அறுபது நாளைத் தொண்ணூறு ஆக்குவோம். உள்ளே அவர்கள் அறுபது பேர், நூற்றுக்கு அறுபது. குற்றம் ஒன்றுகூடக் கூடாமல் அவர்களின் பங்கு ஐம்பதிலிருந்து அறுபதுக்கு ஏறிவிட்டது. உடனே ஒருவர் மைக்கைப் பிடிப்பார்: பார்த்தீர்களா, டேட்டாவே சொல்கிறது. கேட்ட மருந்தைக் கொடுத்ததால் வந்த வீக்கத்தைக் காட்டி அதே மருந்தை இரட்டிப்பாகக் கேட்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

அந்த அறுபது நாள் எங்கிருந்து வருகிறது? இதைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஜாமீனைப் பற்றி உரக்கப் பேசுகிறவர்களில் பலர் ஒரு ஜாமீன் மனுவையும் பின்தொடர்ந்து போனதில்லை. ஜாமீன் உத்தரவு வருவது ஒரு நாள், ஆள் வெளியே வருவது இன்னொரு நாள். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் பள்ளத்தில்தான் இந்தக் கதை முழுதும் இருக்கிறது. உத்தரவில் வழக்கமாக இருப்பது இரண்டு ஜாமீன்தாரர்கள், ஒவ்வொருவரும் இத்தனை ரூபாய்க்கு. உயர் நீதிமன்றத்தின் பல உத்தரவுகளில் அவர்களில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று வரும். ஜாமீன்தாரரின் புகைப்படம், இடது பெருவிரல் ரேகை, ஆதார் அல்லது பாஸ்புக் நகல். கூடவே அவருக்கு வசதி இருக்கிறது என்று காட்ட வீட்டு வரி ரசீது, சில இடங்களில் வண்டியின் ஆர்.சி. புத்தகம். நடுவர் கூப்பிட்டுப் பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் வேறு ஆளைக் கொண்டு வா என்பார். அவிநாசிக்காரப் பையன் என்றால் மாமாவும் சித்தப்பாவும் மறுநாள் பத்து மணிக்கே கோர்ட் வராந்தாவில் நிற்பார்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்து ஓவர்லாக் ஓட்டுகிறவனுக்கு ரத்த உறவு இரண்டு நாள் ரயில் பயணத்துக்கு அப்பால். அவர் வந்தாலும் அவர் கையில் இருக்கும் நில ஆவணம் இந்தியில் இருக்கும், அதைச் சரிபார்க்க இங்கே ஆள் இருக்காது. அறையில் கூடத் தங்கியிருக்கும் ஐந்து பேரும் அவனைப் போலவே வாடகைக்கு இருப்பவர்கள். காண்ட்ராக்டர் போனை எடுக்க மாட்டார். எடுத்தால் வரும் சனிக்கிழமை சம்பளத்துக்கு வேறு ஆள் வைத்தாகிவிட்டது என்பது தெரிந்துவிடும். மிச்சம் இருப்பது கோர்ட் வாசலில் காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் கையெழுத்துப் போடுகிற தொழில்முறை ஆட்கள். அவர்கள் கேட்கும் தொகை அவனிடம் இருந்தால் அவன் அங்கே இருந்திருக்கவே மாட்டான்.

அவன் மேல் என்ன வழக்கு? பெரும்பாலும் ஒரு செல்போன், ஒரு பை, மதுக்கடை வாசல் கைகலப்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு. பொருளின் மதிப்பு ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழே, முதல் முறை, பொருளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் தண்டனை சமூக சேவைதான். சமூக சேவையில் முடிய வேண்டிய வழக்குக்காக ஒருவன் இரண்டு மாதம் சிறையில் கிடந்து, டிசம்பர் 31 அன்று ஒரு தலையாக எண்ணப்பட்டு, நம் விவாத மேடையில் ‘பெருகிவரும் குற்றம்’ ஆகிறான். ஏழாண்டுக்கு உட்பட்ட குற்றங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அர்னேஷ் குமார் வழக்கில் சொன்னது 2014-இல்.

இது புதிதாக யாரோ கண்டுபிடித்த அநியாயமும் இல்லை. 1978-இல் மோதிராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனார். உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்துவிட்டது. கீழே நடுவர் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். அண்ணன் தம்பி உறவில் ஆள் வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். கொத்தனார் திரும்ப உச்ச நீதிமன்றப் படியேறினார். நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, ஒரு தமிழரோ மலையாளியோ வடக்கே எங்கோ கைதானால் அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்ற பொருளில் கேட்டது. கேள்வியைத் திருப்பிப் போட்டால் அதுதான் இன்றைய திருப்பூர். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் திட்டமாகவே சொன்னது: ஜாமீன் கிடைத்து ஒரு வாரத்துக்குள் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகிவிட்டால் நிபந்தனையைத் தளர்த்த முடியுமா என்று கோர்ட்டே பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர் என்று பிடிவாதம் பிடிப்பது விடுதலையைத் தாமதப்படுத்துகிறது, அந்த நிபந்தனையைத் தவிர்க்கலாம். அந்த நேரத்தில் ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாமல் நாடெங்கும் ஐயாயிரம் பேரளவில் இருந்தார்கள் என்ற பட்டியலே நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. ஏழைக் கைதிகளுக்காக ஒன்றிய அரசு 2023-இல் கொண்டுவந்த திட்டத்தில் விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கட்டலாம் என்று அப்போது வகுத்தார்கள். அதற்கும் முதலில் அவன் பெயர் ஒரு பட்டியலில் ஏற வேண்டும்.

சீர்திருத்தம் என்று பேசப்படுவதில் பெரும் பகுதி இந்தப் பையனைத் தொடுவதே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு, முதல்முறைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தால் விடுவிக்கச் சொல்கிறது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைப் பழைய வழக்குகளுக்கும் நீட்டித்தது. நல்லது. ஆனால் மூன்றாண்டுக் குற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றால் ஓர் ஆண்டு. இரண்டு மாதம் கிடந்து வேலை, அறை, சம்பள பாக்கி மூன்றையும் இழந்து வெளியே வருகிறவனுக்கு அந்தக் கடிகாரம் ஒருமுறையும் அடிக்காது. குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் அறுபது நாளில் கிடைக்கும் கட்டாய ஜாமீனுக்கும் ஜாமீன்தாரர் வேண்டும்.

எதிர்த்தரப்பின் பலமான வாதம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. “வெளியே விட்டா ரயிலேறிப் போயிருவானுங்க. அப்புறம் வழக்கை யார் நடத்துறது?” போனவர்கள் உண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவர் தலைமறைவு என்று நின்றுபோன வழக்குகளும் உண்டு. ஆனால் அது உள்ளூர்க்காரர்களில் எத்தனை, வெளியூர்க்காரர்களில் எத்தனை என்று யாரும் பிரித்துக் காட்டியதில்லை. காட்டாமலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நியூயார்க்கில் 1961-இல் இதே சந்தேகத்தைச் சோதித்துப் பார்த்தார்கள், மன்ஹாட்டன் ஜாமீன் திட்டம் என்று பெயர். கைதானவரிடம் வேலை என்ன, எங்கே குடியிருக்கிறார், யார் உறவு, எத்தனை நாளாக இருக்கிறார் என்று கேட்டு, வேர் இருப்பவர்களைப் பணம் வாங்காமல் விடச் சொன்னார்கள். மிகப் பெரும்பாலோர் வாய்தாவுக்குத் திரும்பி வந்தார்கள். அந்தக் கணக்குதான் 1966-இல் அமெரிக்காவின் ஜாமீன் சட்டத்தையே மாற்றியது. நம் ஊரிலும் வேர் இல்லாமலா இருக்கிறார்கள்? பத்தாண்டாக ஒரே கம்பெனியில் பவர் டேபிளில் உட்கார்ந்திருப்பவனுக்கு இ.எஸ்.ஐ. எண் இருந்தால் அது வேர், பி.எஃப். எண் இருந்தால் அது வேர், பிள்ளை மாநகராட்சிப் பள்ளியில் படித்தால் அது வேர். இ.எஸ்.ஐ.யும் பி.எஃப்.பும் இல்லையென்றால் அதற்குப் பொறுப்பு அவனா, பீஸ் ரேட்டில் காண்ட்ராக்டர் கணக்கில் எழுதிவிட்டு அவனை மஸ்டர் ரோலில் ஏற்றாதவர்களா?

ஓடிப்போவது பற்றிப் பேசும்போது இன்னொரு கூட்டத்தையும் பார்க்காமல் விட முடியாது. செக் மோசடி வழக்குகள். நூல் வாங்கியவர், டையிங் கூலி பாக்கி வைத்தவர், துணி எடுத்துக்கொண்டு தேதி போட்ட செக்கைக் கொடுத்தவர். 138-ஆம் பிரிவு என்று சொன்னாலே திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும், அந்த எண் இங்கே அவ்வளவு புழக்கம். நாடு முழுவதும் 2019 கடைசியில் தேங்கிக்கிடந்த 2.31 கோடி குற்ற வழக்குகளில் 35.16 லட்சம் இந்த வகை. அவற்றில் பாதிக்கு மேல் நின்றதற்குக் காரணம் குற்றஞ்சாட்டப்பட்டவர் கோர்ட்டுக்கு வராததே என்று உச்ச நீதிமன்றத்தின் முன் பதிவானது. 2021 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உட்கார்ந்து இதற்கு வழி சொல்ல வேண்டியிருந்தது. சம்மன் போகிறது, கதவு பூட்டியிருக்கிறது, திரும்பி வருகிறது. பிடிவாரண்ட் போகிறது, ஆள் வெளியூர் போயிருக்கிறார் என்று திரும்பி வருகிறது. அந்த ஆளுக்கு வீடு உண்டு, கார் உண்டு, சங்கத்தில் உறுப்பினர் அட்டை உண்டு, ஊரில் வேர் என்றால் ஆலமரத்து வேர். அவர் கோர்ட்டுக்கு வராததை நாம் ‘கேஸ் இழுக்குது’ என்கிறோம். ஒடிசாக்காரன் வராமல் போகலாம் என்ற பயத்தைச் சிறைச்சாலையாக மாற்றுகிறோம்.

இங்கேதான் மூன்றாவது படியும் உடைகிறது. சிறையில் இருப்பவர்கள் ஒரு கூட்டம், கோர்ட் நாட்குறிப்பை நிரப்புகிறவர்கள் வேறு கூட்டம். கைதியின் வழக்கு ஏதோ ஒரு வேகத்தில் நகர்கிறது, ஏனென்றால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவனுடைய ரிமாண்டை யாராவது நீட்டித்தாக வேண்டும், வீடியோ திரையிலாவது அவன் முகம் தெரியும். வெளியே இருப்பவரின் வழக்கைத் தள்ளிவைக்க ஒரு வாய்தா போதும். தேசிய நீதித்துறைத் தரவுத்தளத்தைத் திறந்தால் மாவட்ட நீதிமன்றங்களில் மட்டும் நான்கு கோடிக்கு மேல் நிலுவை தெரியும். அதில் சிவில் வழக்கு, செக் வழக்கு, மோட்டார் வாகனம், குடும்பத் தகராறு எல்லாம் அடங்கும். அந்த நான்கு கோடியை வெளிமாநிலத் தொழிலாளி தலையில் கட்டுகிறவர் தரவுத்தளத்தைத் திறந்து பார்த்ததில்லை.   

விகிதம் பேசுகிறவர்களுக்கு ஒரு சிறு கேள்வி: வகுக்கும் எண் எங்கே? கடைசிக் கணக்கெடுப்பு 2011. அப்போது திருப்பூர் மாவட்டத்தில் 24.79 லட்சம் பேர். இப்போது வெளிமாநிலத் தொழிலாளர் எத்தனை என்றால் ஒருவர் ஒரு லட்சத்தில் தொடங்குவார், மற்றொருவர் நான்கு லட்சத்தில் முடிப்பார். 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டப்படி பதிவேடு இருந்திருக்க வேண்டும். பதிவேட்டில் ஆளைக் காட்டினால் இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும் என்பதால் அது எந்த நிலையில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். வகுக்கும் எண் தெரியாமல் ‘அவர்களிடம் குற்ற விகிதம் அதிகம்’ என்று சொல்வது வாய்ச்சவடால். எண் கிடைத்தாலும் ஒப்பிட வேண்டியது யாரோடு? வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் இருபதிலிருந்து முப்பத்தைந்து வயதுக்குட்பட்ட, குடும்பத்தை விட்டுவந்த ஆண்கள். அந்த வயது ஆண்கள் எந்த ஊரிலும் எந்தச் சாதியிலும் எந்த மொழியிலும் போலீஸ் கணக்கில் அதிகம் வருகிறவர்கள். அவர்களை நம் ஊர்ப் பாட்டிமாரையும் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்த மொத்த மக்கள்தொகையோடு ஒப்பிடுவது மோசடிக் கணக்கு. நம் ஊர் இருபத்தைந்து வயதுப் பையன்களோடு ஒப்பிடுங்கள், பிறகு பேசலாம்.

குற்றம் நடக்கவில்லையா? நடக்கிறது, அதில் வெளிமாநிலத்தவரும் இருக்கிறார்கள். 2024 நவம்பர் இறுதியில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் மூவர் கொல்லப்பட்டபோது ஊரே நடுங்கியது. பேக்கரி வாசல்களில் அன்றைக்கே குற்றவாளியின் மாநிலம் முடிவாகிவிட்டது. அடுத்த ஆண்டு சிவகிரி இரட்டைக் கொலையில் காவல்துறை ஆட்களைப் பிடித்து, பல்லடம் கொலையிலும் இவர்களுக்குத் தொடர்பு என்று அறிவித்தபோது, பிடிபட்டவர்கள் அறச்சலூர்ப் பகுதியைச் சேர்ந்த உள்ளூர்க்காரர்கள். வழக்கு கோர்ட்டில் முடிய வேண்டும், அதற்குமுன் அவர்களைக் குற்றவாளிகள் என்று நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த ஐந்தாறு மாதம் வடக்கத்தியரைப் பற்றிச் சொன்னதை யாராவது திரும்ப எடுத்துக்கொண்டார்களா? வேறொரு வகைக் கைதும் உண்டு. 2025 ஜனவரியில் பல்லடம் அருள்புரம் பகுதியில் முப்பது பேரளவில் வங்கதேசத்தவரை ஆவணமில்லாமல் தங்கியிருந்ததற்காகப் பிடித்தார்கள். அது சட்டப்படி குற்றம்தான். ஆனால் இப்படிப் பிடிபட்டவர்களையும் பேக்கரிப் பேச்சு ‘வெளியாள்’ கணக்கில்தான் சேர்க்கிறது. கூட்டுத்தொகையைக் கேட்டவர் அதை வீடு புகுந்து திருடியவர்கள் எண்ணிக்கையாகப் படிக்கிறார். தமிழ்நாட்டுக்கே உரிய குண்டர் சட்டக் கைதிகளும் இருக்கிறார்கள். 1982-ஆம் ஆண்டுச் சட்டம், விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை அடைக்கலாம். நாட்டின் தடுப்புக் காவல் கைதிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் நம் மாநிலத்தில்தான். சிறையில் தலை கூடுவதற்கு இது ஒரு காரணமென்று விவாத மேடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

2023 மார்ச்சில் இதே விளையாட்டு எதிர்த்திசையில் நடந்தது. பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் கொல்லப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. பீகார் அதிகாரிகள் குழு திருப்பூருக்கு வந்து பார்த்துவிட்டுப் போனது. கம்பெனிகள் ஆளில்லாமல் தவித்தன, போனவர்களைத் திரும்ப வரவைக்க இந்தியில் துண்டறிக்கை அடித்தார்கள். அப்போது ‘அவர்கள் நம் தொழிலின் முதுகெலும்பு’. ஜாமீன் என்று வந்தால் அதே முதுகெலும்புக்குக் கையெழுத்துப் போட ஒரு முதலாளியும் வரமாட்டார்.

உண்மையான தரவு வேண்டுமென்றால் அது தூரத்தில் இல்லை. ஒவ்வொரு கைதுக்கும் நான்கு தேதி: பிடித்த நாள், ஜாமீன் உத்தரவான நாள், ஜாமீன்தாரரைக் கோர்ட் ஏற்றுக்கொண்ட நாள், சிறைக் கதவைத் தாண்டிய நாள். முதலும் கடைசியும் சிறைத்துறையின் இ-ப்ரிசன்ஸ் மென்பொருளில் இருக்கின்றன. நடுவில் உள்ள இரண்டும் கோர்ட் பதிவுகளில், ஒவ்வொரு வழக்குக்கும் தனி சி.என்.ஆர். எண்ணோடு இருக்கின்றன. இரண்டையும் ஒட்டிப் பார்க்க ஒரு தனி விஞ்ஞானம் வேண்டாம், சாயப்பட்டறைக்குப் போன துணி எந்த லாட், எந்தத் தேதி, எத்தனை கிலோ குறைந்து வந்தது என்று எக்செல்லில் பிடிக்கிற மெர்ச்சண்டைசர் பெண்ணே ஒரு வாரத்தில் செய்துவிடுவார். சொந்த மாநிலம், குற்றப் பிரிவு என்று இரண்டு பத்தி சேர்த்தால் போதும். அதில் இரண்டாம் தேதிக்கும் நான்காம் தேதிக்கும் நடுவே உள்ளூர்க்காரருக்கு எத்தனை நாள், பீகார்க்காரருக்கு எத்தனை நாள் என்று வரும். வித்தியாசம் இல்லையென்றால் இந்தக் கட்டுரை தவறு, பேக்கரிப் பேச்சு சரி. அதை ஏற்க நான் தயார்.

கேட்க இடமும் இருக்கிறது. மாவட்டந்தோறும் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு என்று ஒன்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். மாவட்ட நீதிபதி தலைமை. ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலர், சிறை அதிகாரி உறுப்பினர்கள். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் கிடப்பவர்களைப் பார்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. ஜாமீனை இறுக்கச் சொல்லி மனுக் கொடுக்கும் தொழில் சங்கங்கள், அடுத்த மனுவில் அந்தப் பட்டியலைப் பெயர் நீக்கி நாள்கணக்கோடு வெளியிடச் சொல்லிக் கேட்கட்டும். கூடவே தங்கள் உறுப்பினர் கம்பெனிகளில் எத்தனை பேர் தங்கள் தொழிலாளிக்கு ஜாமீன்தாரராக நின்றிருக்கிறார்கள் என்ற எண்ணையும் சேர்த்துக் கொடுக்கட்டும்.